அண்டார்க்டிகாவில் ஓராண்டு உணவு: மைசூரு ஆய்வகத்தின் பங்கு என்ன?

மைசூரு: அண்டார்க்டிகாவில் 1989 முதல் இயங்கிவரும் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்துக்கான சரக்குக் கப்பல், ஆண்டுக்கு ஒருமுறை கோடைக்காலத்தில் மட்டுமே செல்கிறது. அது திரும்பிய பின் அங்கு தங்கும் சுமார் 25 பேர், சூரியன் உதிக்காத ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உட்பட, குளிர்காலம் முழுவதையும் இருப்பில் உள்ள உணவைக் கொண்டே கழிக்க வேண்டும்.

இந்தத் தேவையை நிறைவேற்றியதில் மைசூருக்கும் பங்குண்டு. 1961-ல் இங்கு தொடங்கப்பட்ட பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சி ஆய்வகம் ராணுவத்துக்காக உருவாக்கிய உணவு வகைகள், அண்டார்க்டிகா பயணக் குழுக்களுக்கும் வழங்கப்பட்டுள்ளன.

உணவு கெடாதது எப்படி?

சமைத்த உணவு பல அடுக்குப் பையில் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டு, சுமார் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அழுத்தத்துடன் பதப்படுத்தப்படுகிறது. கிருமிகள் அழிந்துவிடுவதால், வெப்பமண்டலக் கடலைக் கடக்கும்போதும் குளிர்சாதனம் தேவைப்படுவதில்லை.

களப்பணியில் என்ன பயன்?

நிலையத்தில் சமையலறை உண்டு. தொலைவில் பாறை, பனி மாதிரிகளைச் சேகரிக்கும் குழுவினருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் பையை வெந்நீரில் இட்டுச் சூடாக்கினால் போதும், எரிபொருளும் மிச்சமாகும்.

காலிப் பை என்னவாகும்?

1991-ல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறையின்படி, இத்தகைய பிளாஸ்டிக் கழிவை அங்கே விட்டுவரக் கூடாது. உணவு தீர்ந்தாலும், பை கப்பலேறித் திரும்ப வேண்டும்.