லைன் போன பிறகும் வழி காட்டுமா?
புதையல் தேடப் போகிறவர்களுக்கு எந்தச் செயலி ஏற்றது?

சின்ன வயதில் லயத்து வீட்டு வாசலில் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் விளையாடியவர்களுக்கு இந்த விளையாட்டைப் புரியவைக்க அதிக நேரம் பிடிக்காது. மணலை நீளமாகக் குவித்து உள்ளே ஒரு சிறு குச்சியை ஒளித்து வைப்போம். எதிரில் இருப்பவர் இரு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் இடத்தின் மேல் பொத்த வேண்டும். மணல் மேட்டுக்குப் பதிலாக மலை, பூங்கா, பாலம், கடற்கரை என்று உலகம் முழுவதும் பரப்பி ஆடினால் அதற்குப் பெயர் ஜியோகேஷிங்.

‘கேஷ்’ என்றதும் காசு என்று நினைத்துவிடாதீர்கள். ஒளித்து வைக்கப்பட்ட பொருள் என்று அர்த்தம். யாரோ ஒருவர் மூடி போட்ட டப்பா ஒன்றை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் பதிவு செய்கிறார். நாம் கைப்பேசியோடு தேடிப் போகிறோம். கிடைத்தால் உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே பொம்மை, நாணயம், சாவி வளையம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஈடான அல்லது அதைவிட மதிப்பான ஒன்றை வைக்க வேண்டும்.

பொதுமக்களின் கருவிகளுக்கு ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த அமெரிக்க அரசு, 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடையை நீக்கியது. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டுப் பகுதியில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் எண்களை இணையத்தில் போட்டார். அப்படித் தொடங்கிய விளையாட்டில் இன்று 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் உலகெங்கும் இருக்கின்றன. நம் ஜொகூரிலும் இருக்கின்றன.

விளையாட்டு எளிமைதான். ஆனால் எந்தச் செயலியை நம்பிப் போகிறோம் என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். இதை நான் ஒரு மாலைப் பொழுதில் பயந்து கற்றுக்கொண்டேன்.

மலையில் ஒரு மாலை

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், இரண்டாம் படிவம் படிக்கும் என் மகளோடு குளுவாங் போயிருந்தேன். குனோங் லம்பாக் மலையில் ஒரு பெட்டியைத் தேடுவதாகத் திட்டம். 510 மீட்டர் உயரமுள்ள மலை. உள்ளூர்க்காரர்கள் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்கும் இடம்தானே என்ற அலட்சியம் எனக்கு. மதிய மழை விட்டதும் மாலை நாலரைக்கு ஏறத் தொடங்கினோம். அது முதல் தவறு.

இரண்டாவது தவறு என் கைப்பேசியில் இருந்தது. இலவசமாகக் கிடைத்தது என்று ஏதோ ஒரு செயலியைப் போட்டிருந்தேன். மரங்கள் அடர்ந்த ஒரு திருப்பத்தில் லைன் போனது. உடனே வரைபடம் வெள்ளைத் தாளாகிவிட்டது. நான் நிற்கும் இடத்துக்கு ஒரு நீலப் புள்ளி, பெட்டி இருக்கும் பக்கம் ஓர் அம்புக்குறி, ‘140 மீட்டர்’ என்ற எழுத்து. அவ்வளவுதான் மிச்சம்.

நூற்றி நாற்பது மீட்டர்தானே என்று நடைபாதையை விட்டு இறங்கினேன். அம்புக்குறி காகம் பறக்கும் வழியைக் காட்டுகிறது, கால் நடக்கும் வழியை அல்ல என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. நடுவில் ஒரு பள்ளம், ஈர மண், முள். சுற்றிப் போகப் போகத் தூரம் 160 ஆனது, பிறகு 190. திரும்பிப் பார்த்தால் வந்த பாதையைக் காணவில்லை. மணி ஆறைத் தாண்டிவிட்டது. காட்டுக்குள் இருட்டு முன்கூட்டியே வரும். என் பேட்டரி 9 விழுக்காடு.

“அப்பா, என் போன்ல பாருங்க” என்றாள் மகள். முதல் நாள் இரவே அவள் வேறொரு செயலியைப் போட்டு, அந்த வட்டாரத்து வரைபடத்தையும் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்திருந்தாள். லைன் இல்லாமலேயே அவளுடைய திரையில் நடைபாதைகள் தெரிந்தன. நாங்கள் நடந்து வந்த தடமும் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் மேலேயே திரும்பி நடந்தோம். பாதையைத் தொட்டபோது என் சட்டை நனைந்திருந்தது. மழையால் அல்ல.

அன்றிலிருந்து ஒரு செயலியைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

1. லைன் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

முதலில் கேட்க வேண்டியது இதுதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு டேட்டா தேவையில்லை. டேட்டா தேவைப்படுவது வரைபடத்துக்கும் பெட்டியைப் பற்றிய குறிப்புகளுக்கும்தான். இவற்றை வீட்டிலேயே இறக்கி வைக்க முடிகிற செயலியைத் தேர்ந்தெடுங்கள். மகள் வைத்திருந்தது சி:ஜியோ. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான வரைபடங்களை இதில் சேமித்துக்கொள்ளலாம்.

மலைக்குப் போகாதவர்களுக்கும் இது உதவும். ஸ்துலாங், டாங்கா பே போன்ற கரையோரங்களில் நம் கைப்பேசி தானாகவே சிங்கப்பூர் லைனைப் பிடித்துக்கொள்வது ஜொகூர் பாருவாசிகளுக்குத் தெரிந்த கதை. வரைபடம் கையில் இருந்தால் டேட்டாவை அணைத்துவிட்டே தேடலாம். கட்டணப் பயமில்லை.

2. எந்த இடத்தில் காசு கேட்கிறது?

ஜியோகேஷிங் நிறுவனத்தின் அதிகாரபூர்வச் செயலி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கிறது. புதியவர்களுக்கு மிக எளிது. ஆனால் இலவசக் கணக்கில் எளிய ரகப் பெட்டிகளைத்தான் திறந்து காட்டும். கடினமானவற்றுக்கும், பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளவும் சந்தா கட்ட வேண்டும்.

சி:ஜியோ முழுக்க இலவசம். தன்னார்வலர்கள் நடத்துவது, ஆண்ட்ராய்டுக்கு மட்டும். பெட்டிகளின் விவரத்தை ஜியோகேஷிங் இணையத்தளத்திலிருந்தே எடுப்பதால், அங்கே ஏதாவது மாறினால் சில சமயம் கொஞ்ச நாள் தடுமாறும். திரையில் பொத்தான்கள் அதிகம், பழக நாளாகும். ஐபோன் வைத்திருப்பவர்கள் பலர் விரும்புவது கேஷ்லி. ஒரு முறை பணம் கட்டி வாங்குவது. ஆனால் இலவசக் கணக்கோடு அதைப் பயன்படுத்தினால் நாளொன்றுக்குச் சில பெட்டிகளின் முழு விவரம் மட்டுமே கிடைக்கும்.

மலை ஏற முடியாத தாத்தா பாட்டியும் கூட வருகிறார்கள் என்றால் அட்வென்ச்சர் லேப் என்ற செயலி பொருத்தம். இதில் பெட்டி கிடையாது. குறிப்பிட்ட இடங்களுக்குப் போய், அங்கே கண்ணால் பார்த்து ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

என் யோசனை இதுதான்: முதல் மாதம் ஒரு சென் கூடச் செலவழிக்காதீர்கள். பத்துப் பெட்டி எடுத்த பிறகு உங்களுக்கு எது தேவை என்று உங்களுக்கே தெரியும்.

3. எண்களை எப்படி எழுதுகிறது?

இந்த விளையாட்டில் இடத்தைப் பாகை, தசம நிமிடம் என்று எழுதுவார்கள். ஜொகூர் பாரு நகர்ப் பகுதி ஏறக்குறைய வடக்கு 1 பாகை 27.500 நிமிடம். சாதாரண வரைபடச் செயலியில் இதை 1.27500 என்று தட்டினால் தப்பு. ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால் சரியான எண் 1.45833. இந்த ஒரு தவறால் புள்ளி சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே போய்விடும், அதாவது பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரின் தென்கரைக்கு! இரண்டு வடிவத்தையும் தானே மாற்றித் தரும் செயலியாகப் பாருங்கள்.

கடைசிப் பத்து மீட்டர்

எந்தச் செயலியும் பெட்டியின் மேல் கொண்டுபோய் விடாது. திறந்த வெளியிலேயே கைப்பேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறலாம், மரநிழலில் இன்னும் அதிகம். ஒளித்து வைத்தவரின் கருவியும் அப்படித்தான் தவறியிருக்கும். பத்து மீட்டர் என்று காட்டியதும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணைப் பயன்படுத்துங்கள். இயற்கையாக இல்லாத கல் குவியல், செருகி வைத்த மரப்பட்டை இவற்றைப் பாருங்கள். குழிக்குள் கையை விடாதீர்கள், குச்சியால் தட்டிப் பாருங்கள். செம்பனை மரத்தடியில் நாகம் இருக்கும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலைக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டுமா, பாதை திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பேனா, தண்ணீர், பவர் பேங்க் அவசியம். காலையில் கிளம்புங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே மலைக்குக் காலை ஏழு மணிக்குப் போனோம். வழியை மகள் பார்த்தாள், நான் பின்னால் நடந்தேன். அன்று எனக்கு 190 மீட்டர் காட்டிய பெட்டி, நடைபாதையிலிருந்து நாலே எட்டில் இருந்தது. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், அது ஆட்டத்தின் மரியாதை. நோட்டில் எங்கள் இருவர் பெயரையும் எழுதியவள், அடியில் ‘இரண்டாவது முயற்சி’ என்று சேர்த்தாள். அவள் கைப்பேசியில் இருந்த அதே செயலி இப்போது என் கைப்பேசியிலும் இருக்கிறது.