கழிவை உலர்த்தும் கதிரவன்



பாகான் டத்தோ வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொப்பரை உலர்த்துவதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உடைத்த தேங்காய் மூடிகளை வெயிலைப் பார்த்து மல்லாத்தி வைக்க வேண்டும். மாலையில் மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூட வேண்டும். ஒரு நாள் நனைந்துவிட்டால் பூஞ்சணம் பிடித்து விலை இறங்கிவிடும். தென்னந்தோட்டத்துப் பிள்ளைகள் விளையாட்டோடு விளையாட்டாகக் கற்றுக்கொண்ட பாடங்கள் இவை. புதிய தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறையப் பாதி நீர். அது நூற்றுக்கு ஆறு பங்கு என்ற அளவுக்குக் குறைந்தால்தான் நல்ல கொப்பரை.

இதே வெயிலைக் கொண்டு மனிதக் கழிவையும் உலர்த்தலாம். அதன் வழியாகக் குறைந்த செலவில் சுகாதாரத்தைப் பேணலாம். இன்றைய பேச்சின் பொருள் இதுதான். பொருளைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். நாம் பேசக் கூசுகிற காரணத்தாலேயே இது பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்ச் சேருகிறது.

எங்கள் வட்டாரம் தட்டை நிலம். ஒரு புறம் பேராக் ஆறு, மறு புறம் கடல். வரப்புக் கட்டி, கான் வெட்டி, நீரை வடித்துத்தான் தென்னையும் செம்பனையும் நட்டார்கள். பல இடங்களில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். 1970ஆம் ஆண்டுகளில் சுகாதார அமைச்சு கம்போங்குகளில் 'தண்டாஸ் சூரா' எனப்படும், கையால் நீர் ஊற்றும் கழிவறைகளைப் பரப்பியது. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற இடத்தில் எந்தக் குழியும் எளிதில் நிறைந்துவிடும். மழையும் ஆயர் பாசாங்கும் ஒன்றாக வந்தால், குழியில் கிடந்தது கானுக்கு வந்துவிடும்.

நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில், லயத்தின் பின்பக்கக் கானில்தான் சிறு பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். அதே கானில் நாங்கள் மீன் பிடித்தோம். பூச்சி மருந்து குடிப்போம். சில மாதங்களில் மறுபடியும் வயிறு உப்பும். மருந்து சரியில்லை என்று அம்மா சொல்வார். மருந்தில் குறையில்லை என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சுகாதாரப் பாடம் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்குக் கழிக்கும் மலம் சுமார் 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு கிலோ. அதில் நான்கில் மூன்று பங்கு நீர். ஆகவே வெயில் வற்றச் செய்ய வேண்டிய நீர் முக்கால் லிட்டர்தான். ஆனால் அதே ஐவரும் நாளுக்கு ஐந்து முறை கழிவறைக்குப் போய், ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டர் நீர் ஊற்றினால் 50 லிட்டர் ஆகிறது. சிறுநீர் தனி. முக்கால் லிட்டர் வேலையை நாமே 50 லிட்டர் வேலையாக்கிவிடுகிறோம். தொட்டியிலிருந்து இறைக்கப்படும் கசடில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் நீராக இருப்பதற்கு இதுவே காரணம்.

சூரியனால் எவ்வளவு நீரை வற்றச் செய்ய முடியும்? நம் நாட்டில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளில் விழும் வெயிலின் ஆற்றல் சுமார் நாலரை யூனிட். மின்சாரக் கட்டண ரசீதில் காணும் அதே யூனிட்தான். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மூன்றில் இரண்டு பங்கு யூனிட் வேண்டும். அப்படியானால் ஆறரை லிட்டர் வற்ற வேண்டும். ஆனால் பாதி ஆற்றல் காற்றிலும் தரையிலும் வீணாகும் என்று கழித்தால் சுமார் மூன்று லிட்டர் மிஞ்சும்.

இனி மழையைக் கணக்கிடுங்கள். ஒரு மாலையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், அதே சதுர மீட்டரில் 20 லிட்டர் நீர் விழுகிறது. ஒரு வாரத்து வெயில் செய்த வேலையை ஒரு மணி நேர மழை அழித்துவிடும். ஆகவே நம் ஊரில் வெயிலைத் தேடுவதைவிட மழையைத் தடுப்பதே முதல் வேலை. எங்கள் பள்ளி மாணவர்கள் இதைச் செய்தே பார்த்தார்கள். ஈரக் களிமண்ணை இரண்டு தட்டுகளில் ஒரே எடையாக வைத்து, ஒன்றைத் திறந்த வெளியிலும், மற்றொன்றைக் காற்றுப் போக இடம் விட்டுக் கண்ணாடிக்குக் கீழேயும் வைத்தோம். நான்காம் நாள் மாலை மழை வந்தது. மறுநாள் நிறுத்தபோது, திறந்திருந்த தட்டு முதல் நாளைவிடக் கனமாக இருந்தது.

கழிவை உலர்த்தும் முறைகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று ஊருக்கு.

வீட்டுக்கு உரியது உலர் கழிவறை. வியட்நாமின் வட பகுதியில் 1956 முதல் இரட்டைத் தொட்டிக் கழிவறைகள் பரப்பப்பட்டன. தமிழ்நாட்டில் திருச்சி மாவட்டத்து முசிறியில், 'ஸ்கோப்' என்னும் தொண்டு நிறுவனம் இத்தகைய கழிவறைகளை வீடுகளிலும் பொது இடங்களிலும் கட்டியது. இதன் அமைப்பு எளிது. தரைக்கு மேலே இரண்டு தொட்டிகள். மலம் விழ ஒரு துளை. சிறுநீருக்கு வேறு வழி. கழுவும் நீருக்கும் வேறு வழி. ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி சாம்பலைத் தூவ வேண்டும். ஒரு தொட்டி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். மூடிய தொட்டி அந்தக் காலத்தில் உலரும்.

தொட்டி தரைக்கு மேலே இருப்பதைக் கவனியுங்கள். குழியே வெட்ட முடியாத எங்கள் பக்கத்து மண்ணுக்கு இது பொருந்தும். தொட்டியின் பின்புறத்தில் கறுப்புப் பூசிய தகரக் கதவு வைத்தால் அது வெயிலை வாங்கி உள்ளே சூட்டைக் கூட்டும். பாகான் டத்தோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 4 பாகையில்தான் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். ஆகவே கதவைச் செங்குத்தாக நிறுத்தாமல், மழைநீர் வழியும் அளவுக்கு மட்டும் சாய்த்து, மேல்நோக்கி அமைப்பது நல்லது. கறுப்புப் பூசிய உயரமான குழாய் ஒன்றும் வேண்டும். வெயிலில் சூடான காற்று அதன் வழியே மேலே போகும். ஈரமும் நாற்றமும் அதனோடு போகும். குழாயின் உச்சியில் ஈ புகாதபடி கம்பி வலை கட்ட வேண்டும்.

ஊருக்கு உரியது உலர்த்தும் படுகை. தமிழ்நாட்டில் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் 2017ஆம் ஆண்டு இத்தகைய நிலையம் செயல்படத் தொடங்கியது. வீட்டுத் தொட்டிகளின் கசடை லாரிகள் அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. பொதுவாக இப்படுகைகளில் அடியில் சரளைக்கல், அதற்கு மேல் மணல் பரப்பி, அதன் மேல் முக்கால் அடி உயரத்துக்குக் கசடை ஊற்றுவார்கள். பெரும்பகுதி நீர் மணல் வழியே வடிந்து தனியாகச் சுத்திகரிக்கப்படும். மிஞ்சிய ஈரத்தை வெயிலும் காற்றும் எடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் கசடு வெடித்துக் கட்டி கட்டியாகும். மழை மிகுந்த நாடுகளில் இதற்கு மேல் ஒளி ஊடுருவும் கூரை போடுகிறார்கள். வெயில் உள்ளே வரும், மழை வராது. ஆனால் பக்கங்களை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்று ஈரத்தால் நிறைந்து, அதற்கு மேல் ஒன்றும் உலராது. ஆகவே காற்றோட்டம் வேண்டும். கசடை அவ்வப்போது கிளறியும் விட வேண்டும்.

களிமண் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "காஞ்சிட்டா சுத்தமாயிடுமா ஐயா?" என்று கேட்டாள். நேயர்களும் இதையே கேட்கக்கூடும்.

காய்ந்தது எல்லாம் சுத்தமானது அல்ல. மலத்தில் இருக்கும் கிருமிகளில் பல, ஈரம் குறையும்போது மடிந்துவிடும். ஆனால் உருண்டைப் புழுவின் முட்டை மிகவும் கெட்டியானது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். அம்முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உலர்த்தி மட்டும் அவற்றைக் கொல்ல வேண்டுமானால், ஈரம் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் கீழே போக வேண்டும். அதாவது கொப்பரையைவிட அதிகமாகக் காய வேண்டும். நம் ஈரக் காற்றில் அது எளிதன்று.

ஆகவே சூட்டையும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ரிச்சர்ட் ஃபீச்சம் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் உலக வங்கிக்காக ஆய்ந்து 1983இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் அளவு தந்தார்கள். 62 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம். 50 பாகையில் ஒரு நாள். 46 பாகையில் ஒரு வாரம். 43 பாகையில் ஒரு மாதம். கழிவு முழுவதும் இந்தச் சூட்டில் இருக்க வேண்டும். மேற்புறம் மட்டும் சுட்டால் போதாது. அத்தகைய சூடு கிடைக்காத இடத்தில் காலத்தை நீட்டிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வகுத்த நெறிமுறையின்படி, 20 முதல் 35 பாகை வரை வெப்பமுள்ள இடங்களில், புதிதாக எதையும் சேர்க்காமல் ஓர் ஆண்டுக்கு மேல் மூடி வைக்க வேண்டும். நம் நாடு இந்த வகையில் அடங்கும். அவசரப்பட்டு ஆறு மாதத்தில் தொட்டியைத் திறந்து கீரைப் பாத்தியில் கொட்டினால், கானில் இருந்த புழுவை நாமே சட்டிக்குக் கொண்டுவருகிறோம் என்றே பொருள்.

இந்தக் கணக்கில் நான் கண்டிப்பாக இருப்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் தாத்தா தோட்டத்தில் வாளிக் கக்கூஸ் எடுத்தவர். விடியும் முன்பே வேலையை முடித்துவிடுவாராம். கலியாணப் பந்தியில் தாமாகவே கடைசி வரிசையில் போய் உட்காருவாராம். அவருடைய கைக்கு உறை கிடையாது, காலுக்குச் செருப்பு கிடையாது. அந்த வேலை அவரை ஒதுக்கியும் வைத்தது, நோயாளியாகவும் ஆக்கியது. இந்தியாவில் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993லும் 2013லும் சட்டங்கள் வந்தன. அதன் பிறகும் மலத் தொட்டிக்குள் இறங்கி நச்சு வாயுவால் மாண்டவர்கள் உண்டு. முறையாக ஓர் ஆண்டுக்கு மேல் உலர்ந்த தொட்டியைத் திறந்தால் அங்கே இருப்பது மண் போன்ற, வாடையற்ற பொருள். அதையும் கையுறை அணிந்து மண்வெட்டியால்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதை எடுப்பதற்காக ஒரு மனிதனை ஊரே ஒதுக்கி வைக்க வேண்டிய தேவை இல்லை. சூரியனும் காலமும் செய்ய வேண்டிய வேலையை ஒரு மனிதன் தலையில் கட்டியதுதான் நாம் செய்த பிழை.

நேயர்களே, குழாய்நீரும் நல்ல மலத் தொட்டியும் உள்ள வீட்டார் அவற்றை இடித்துவிட்டு உலர் கழிவறை கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் தொட்டியைக் குறித்த காலத்தில் இறைத்துவிட்டால் போதும். அதற்கு, 1994இல் பணி தொடங்கிய இண்டா வாட்டர் போன்ற உரிமம் பெற்றோரின் வண்டியை அழையுங்கள். மூடியைத் திறந்து யாரையும் உள்ளே இறக்காதீர்கள். நீர் வசதியில்லாத தோட்டத்து ஓரக் குடிசைகள், ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் கூடும் கோயில் திடல்கள், பெருநீர் ஏறும் கடலோரக் குடியிருப்புகள் ஆகிய இடங்களுக்கே உலர் கழிவறை ஏற்றது. கட்டுவதற்கு முன் சுகாதார இலாகாவின் ஆலோசனையைக் கேளுங்கள். தேவையான சாம்பல் நம் அடுப்பிலும், வெயில் நம் கூரையிலும் இருக்கின்றன. நாம் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று: நீரைச் சேர்க்காதிருத்தல், மழையைத் தடுத்தல், ஓர் ஆண்டுக்கு மேல் பொறுத்திருத்தல்.

கொப்பரைக்கு நாம் காட்டிய கவனத்தை நம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் காட்டுவோம்.