விளைகளின் நடுவே ஒரு கோடு

நெய்யாற்றின் கரையில் இருக்கும் அமரவிளை, கேரளத்தின் தென்கோடியில் ஒரு சிற்றூர். 1956இல் போட்ட மாநில எல்லைக் கோடு இந்த ஊர்களின் பெயரையோ உறவையோ பிரிக்கவில்லை. தண்ணீரைப் பிரித்துவிட்டது.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் வந்தால் நெய்யாற்றின்கரை. ஊரைத் தாண்டியதும் பஸ் ஒரு பாலத்தின் மேல் ஏறி இறங்குகிறது. கீழே நெய்யாறு, பாலத்துக்குத் தெற்கே அமரவிளை. அப்புறம் உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை. அதற்கும் அடுத்தது களியக்காவிளை. அங்கே கடைகளின் பெயர்ப்பலகைகள் திடீரென்று தமிழுக்கு மாறுகின்றன. அமரவிளையிலிருந்து அந்த இடம் பத்து கிலோமீட்டருக்குள்தான்.

தமிழ்நாட்டு லாரி டிரைவர்களுக்கு அமரவிளை என்றால் பல ஆண்டுகளாக ஒரே அர்த்தம்தான்: செக்போஸ்ட். வாளையாரைப் போலவே, கேரளத்துக்குள் நுழையும் சரக்கு நின்று கணக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டிய இடம். வரிசையில் லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்தவர்கள் ஊரைச் சுற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால், தங்கள் ஊரை விட்டு இன்னும் வெளியே வரவில்லையோ என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்திருக்கும்.

சந்தேகத்துக்கு முதல் காரணம் பெயர். விளை என்பது மேட்டுப்பாங்கான தோட்ட நிலம். தென்னை, பலா, மரச்சீனி வளரும் செம்மண் பூமி. அதற்குக் கீழே பள்ளத்தில் நெல் விளையும் வயற்பரப்பு ஏலா. மேட்டில் விளை, தாழ்வில் ஏலா என்று மாறி மாறி வரும் இந்த நில அமைப்பு நெய்யாற்றின்கரையில் தொடங்கி விளவங்கோடு, கல்குளம் வழியாகத் தெற்கே நீள்கிறது. அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை என்று ஊர்ப்பெயர்களும் கூடவே வருகின்றன. குமரி மாவட்டத்துக்குள் போனால் விளையில் முடியும் பெயர்களை எண்ணி மாளாது. இரு மாநில எல்லை இதில் எங்கே விழுகிறது என்று பெயர்களை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

பேச்சும் அப்படியே. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மரவள்ளி, கேரளத்தின் பெரும்பகுதியில் கப்பை. இந்த வட்டாரத்தில் மட்டும் எல்லைக்கு இருபுறமும் அது மரச்சீனி. பலாப்பழம் இருபுறமும் சக்கை. நெய்யாற்றின்கரைக்காரர் வாயைத் திறந்தால் வடகேரளத்தவர் சிரிக்கிறார்கள். விளவங்கோட்டுக்காரரைப் பார்த்து மதுரைக்காரர் "நீங்க மலையாளியா?" என்று கேட்கிறார். இரண்டு மாநிலங்களும் தத்தம் கடைக்கோடி என்று நினைக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் ஒரே நாட்டின் நடுப்பகுதி.

ஆய் முதல் மார்த்தாண்டன் வரை

சங்கப் புலவர்கள் பாடிய ஆய் அண்டிரனின் பொதிகை நாடு இது. பிற்கால ஆய் அரசர்களுக்கு நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த விழிஞம் முக்கியத் துறைமுகமாக இருந்தது. ஆய் அரசன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும், அதோடு சேர்ந்து 95 மாணவர்கள் தங்கிப் படிக்கும் சாலையும் நிறுவியதைச் செப்பேடு சொல்கிறது. அரசன் ஒருவனே, ஆனால் அவன் துறைமுகம் இன்று கேரளத்தில், அவன் கட்டிய கோயில் தமிழ்நாட்டில்.

வேணாட்டு அரசர்களுக்கும் இதே நிலைதான். திருவிதாங்கூரை உருவாக்கிய மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729-1758), எட்டு வீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பி ஓடியபோது ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது வழக்குக் கதை. 'அம்மச்சிப் பிலாவு' எனப்படும் அந்த மரத்தின் மிச்சம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவர் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சலும் (1741), ஆண்ட பத்மநாபபுரமும் இப்போது குமரி மாவட்டத்தில். பத்மநாபபுரம் அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு. அதை நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. எல்லை பிரித்தவர்களால் பிரிக்க முடியாமல் போனவற்றுக்கு இது ஓர் உதாரணம்.

சாலையில் வடக்கே இருக்கும் பாலராமபுரம் இன்னோர் உதாரணம். பாலராம வர்மா (ஆட்சி 1798-1810) காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர்கள் அங்கே குடியேறினார்கள். கேரளப் பெண்கள் ஓணத்துக்கு உடுத்தும் கசவு வேட்டியும் புடவையும் பெரும் பெயர் பெற்றது இவர்களின் குழித்தறிகளால்தான். மலையாளிகளின் அடையாள உடையை நெய்தவர்கள் வீட்டில் தமிழ் பேசியவர்கள்.

ஆற்றிலிருந்து எடுத்த கல்

இந்த மண்ணின் கதை அரசர்களோடு முடியவில்லை. சாதிக் கொடுமை இந்தியாவிலேயே மிகக் கடுமையாக இருந்த பகுதிகளில் தெற்குத் திருவிதாங்கூரும் ஒன்று. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் நீடித்து, 1859இல் அரசாணை வந்த பிறகே ஓய்ந்தது. லண்டன் மிஷனரி சங்கத்தார் மயிலாடியில் தொடங்கி வடக்கே பாறசாலை, அமரவிளை வரை பள்ளிகளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அமரவிளைப் பள்ளியின் பெயரில் எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே நெய்யாற்றின் கரையில், சற்று மேலே அருவிப்புரத்தில், 1888 சிவராத்திரியன்று நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் ஒருவர் கோயில் நிறுவியது அன்றைய சமூகத்துக்கு இடி விழுந்தது போல. அந்தக் கோயிலைச் சுற்றி உருவான சங்கமே 1903இல் எஸ்.என்.டி.பி. யோகமாக வளர்ந்தது. குரு தவம் செய்த மருத்துவாமலை இன்றைய குமரி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் தமிழிலும் பாடல்கள் இயற்றியவர். திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்துக்குக் கொண்டுபோனவர்.

நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்கானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர்கள் நடக்கவே தடை இருந்த பொதுச்சாலையில் 1893இல் வில்லுவண்டி பூட்டிச் சென்றவர். ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது, எதிரிகள் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள்.

நெய்யாற்றின்கரைக்காரரான பத்திரிகையாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை திவானை விமர்சித்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று நாடு கடத்தப்பட்டார். அவரைக் கொண்டுபோனது திருநெல்வேலிக்கு. அன்று 'நாடு' முடிந்த இடம் களியக்காவிளை அல்ல. நாகர்கோவிலையும் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய்.

ஒன்பது தாலுகா கேட்டு...

ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை களியக்காவிளைக்கு நகர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதன் பின்னால் பத்தாண்டுப் போராட்டம் இருந்தது. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்றது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். முதல்வராக இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை. அவர் பதவி விலக வேண்டும் என்று சொந்தக் கட்சியின் ராம் மனோகர் லோகியாவே குரல் கொடுத்தார்.

1955இல் அறிக்கை தந்த பசல் அலி கமிஷன், நான்கு தென் தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னைக்குக் கொடுக்கச் சொன்னது. நெய்யாற்றின்கரையில் தமிழ் பேசுவோர் சிறுபான்மை. அது கேரளத்தில் நின்றுவிட்டது. தாலுகாவைக் கணக்கில் எடுத்தார்கள். குடும்பங்களைக் கணக்கில் எடுப்பது சாத்தியமில்லை. அக்காள் பாறசாலையிலும் தங்கை குழித்துறையிலும் வாழ்க்கைப்பட்ட வீடுகள் ஒரே இரவில் இரண்டு மாநிலங்களாயின. 1959இல் சி.எஸ்.ஐ. சபையும் இரண்டாகி, எல்லைக்குத் தெற்கே குமரிப் பேராயம் தனியானது.

செக்போஸ்ட் போனது, பழக்கம் போகவில்லை

கோடு போட்டால் வரி வரும். வரி வந்தால் குறுக்குப் பாதை வரும். கேரளத்தில் கோழிக்கு வரி விதித்தபோது கோழிகள் பிரதான சாலையை விட்டு விளைகளுக்கு நடுவே உள்ள ஊடுவழிகளில் பயணம் செய்தன. தமிழ்நாட்டு ரேஷன் அரிசி வடக்கே போவதும், அதைப் பிடிப்பதும் இன்றுவரை மாறாத செய்தி. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் தேவையற்றுப் போயின. கலால் துறையினர் மட்டும் அமரவிளையில் கஞ்சாவையும் கணக்கில் வராத பணத்தையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். முக்கோலையிலிருந்து காரோட்டுக்குக் கான்கிரீட் புறவழிச்சாலை வந்தபிறகு, நீண்டதூர வண்டிகளுக்கு அமரவிளைப் பாலத்தில் ஏறவேண்டிய அவசியமும் இல்லை.

எல்லை இருக்கிறது என்பதே மறந்துபோன நிலையில் 2020 வந்தது. கொரோனா காலத்தில் இஞ்சிவிளையில் பாஸ் இருந்தால்தான் கேரளத்துக்குள் நுழையலாம் என்றானது. குமரி மாவட்டத்து நோயாளிகள் தலைமுறைகளாக நம்பியிருப்பது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜையும் புற்றுநோய் மையத்தையும். கேரளத்து அடுப்படிகள் நம்பியிருப்பது தமிழ்நாட்டுக் காய்கறியை. ஓணத்து அத்தப்பூக் கோலத்துக்குத் தோவாளைப் பூ. இவ்வளவும் ஒரு தடுப்புக் கம்பத்தின் இருபுறமும் நின்றபோதுதான், 1956இல் நடந்தது என்ன என்று இளைய தலைமுறைக்குப் புரிந்தது.

கால்வாயில் வராத தண்ணீர்

கொரோனாக் கம்பத்தை எடுத்துவிட்டார்கள். எடுக்கப்படாத கம்பம் ஒன்று உண்டு. அது நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் இருக்கிறது.

அகஸ்தியர் மலையில் பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாற்றில் கடலைச் சேரும் சிறு ஆறு நெய்யாறு. மாநிலங்கள் பிரியும் முன்பே திட்டமிடப்பட்டு 1958இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் அணை, நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் சேர்த்தே நினைக்கப்பட்டது. இடதுகரைக் கால்வாய் எல்லையைக் கடந்து விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தர வேண்டும். பல ஆண்டுகள் தரவும் செய்தது. 2004இல் கேரளம் அதை நிறுத்தியது.

நெய்யாறு முழுவதும் கேரளத்துக்குள் ஓடும் ஆறு, எனவே அது மாநிலங்களுக்கு இடையிலான நதி அல்ல என்பது கேரளத்தின் வாதம். திட்டமே இரு பகுதிகளுக்கும் பொதுவாகத் தீட்டப்பட்டது, மாநிலம் பிரிந்ததால் உரிமை போகாது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கேரளத்துக்கும் நெருக்கடி இல்லாமல் இல்லை: 2017 வறட்சியில் திருவனந்தபுரம் நகரத்தின் தாகம் தீர்க்க நெய்யாறு அணையிலிருந்துதான் தண்ணீர் இறைத்து அருவிக்கரைக்கு அனுப்பினார்கள்.

ஆனால் கணக்கில் இன்னோர் அணையும் உண்டு. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு உயிரான பேச்சிப்பாறை அணை 1906இல் திருவிதாங்கூர் அரசு கட்டியது. 1956இல் அது அப்படியே தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாறு அப்படியே கேரளத்தில் நின்றது. ஒரே கஜானாவின் பணத்தில் ஒரே மக்களுக்காகத் தொடங்கிய வேலைகளைப் பாகம் பிரித்தபோது, மண் போன இடத்துக்கு அணையும் போனது. எல்லை தாண்டிய கால்வாய்க்குத்தான் சொந்தக்காரர் இல்லாமல் போனது. கடைமடையில் இருந்த விவசாயி காத்திருந்து சலித்து, நெல்லை விட்டு வாழைக்கும் ரப்பருக்கும் மாறினார். ஏலாக்கள் மெல்ல விளைகளாகிக்கொண்டிருக்கின்றன.

ஆண்டுக்கொரு முறை இந்தச் சாலையில் ஓர் ஊர்வலம் வரும். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் யானை மீதும் பல்லக்கிலும் புறப்படுவார்கள். உடைவாள் முன்னே செல்லும். குழித்துறையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் களியக்காவிளைக்கு வரும்போது தமிழ்நாட்டுப் போலீசார் மரியாதை செலுத்தி வழியனுப்ப, கேரளப் போலீசார் மரியாதை செலுத்தி எதிர்கொள்வார்கள். பாறசாலையையும் அமரவிளையையும் கடந்து, அன்றிரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் தங்கல். மறுநாள் திருவனந்தபுரம். விழா முடிந்ததும் இதே வழியில் திரும்பி வருவார்கள்.

இரண்டு அரசுகளின் அதிகாரிகள் களியக்காவிளைச் சாலையில் நேருக்கு நேர் நின்று, ஒப்படைத்தோம், பெற்றுக்கொண்டோம் என்று ஆண்டுதோறும் சிக்கலின்றி முடிக்கும் காரியம் இது. போன சரஸ்வதி திரும்பி வருவாள் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. அந்த நம்பிக்கையில் ஒரு பங்கு கால்வாய்க்கும் கிடைத்தால் போதும் என்று விளவங்கோட்டின் கடைமடை காத்திருக்கிறது.