பழகிய கருவியும் பழகாத கருவியும்

கருவியை மாற்றுவது எளிது. கைப்பழக்கத்தை மாற்றுவது அரிது. யாழ்ப்பாணத்திற் பிறந்து 1907-ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி ஆக்கித் தந்தார். இன்று அப்பொறியைக் காண்பது அருமை. எனினும், தட்டச்சுப் பொறியின் வழிவந்த விசையமைப்பு கணினியிலும் நின்று நிலவுகின்றது. 1999-இல் தமிழக அரசு ‘தமிழ்99’ என்னும் எளிய விசைப்பலகையை ஏற்ற பின்னரும், தட்டச்சுப் பயின்றோர் பலர் தம் பழைய அமைப்பை விடவில்லை. பொறி போயிற்று, விரலின் நினைவு போகவில்லை.

இவ்வுண்மையை இப்போது எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ‘விண்டோஸ் 10’ என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றன. அடுத்து வந்த ‘விண்டோஸ் 11’ எல்லாக் கணினிகளிலும் முறைப்படி ஏறுவதில்லை. அது குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் சேமிப்பிடமும், ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லும், பட்டியலிற் கண்ட செயலிகளுள் ஒன்றும் வேண்டுகின்றது. ஆகவே, நன்கு ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பல வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றன. கேமரன் மலைத் தோட்டப் பள்ளி போன்ற சிறு பள்ளியில் இத்தகைய கணினி ஒன்றை ஒதுக்கினால், அதன் முன் அமரும் பிள்ளைகளின் முறை அந்த அளவிற்குக் குறையும். இந்நிலையில் ‘லினக்ஸுக்கு மாறலாமே’ என்று ஒருவர் சொன்னால், ஆசிரியர் அறையில் முகங்கள் சுளிக்கின்றன. அச்சுளிப்பின் காரணம் யாது, அது நீங்க என்ன வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயங்குதளம் என்பது யாது?

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டை அறியாதார் இலர். யார் எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கச் செல்வது, யார் மருந்தடிப்பது, யார் தொழிற்சாலைக்குப் போவது என்று ஆளுக்கு வேலை பங்கிடும் இடம் அது. கணினியுள் அப்பங்கீட்டைச் செய்வதே இயங்குதளம். எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், அச்சுப்பொறி யாருக்கு முதலில், எந்தக் கோப்பு எங்கே என்பவற்றையெல்லாம் அது வகுக்கின்றது. நாம் எழுதும் வினாத்தாளுக்கும் கட்டுரைக்கும் அது உரியதன்று. அவற்றை எழுத இடந்தருவது மட்டுமே அதன் தொழில். விண்டோஸ் அத்தகையது ஒன்று. 1991-இல் பின்லாந்து மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் உள்ளோர் சேர்ந்து வளர்த்த லினக்ஸ் மற்றொன்று. பின்னதற்கு உரிமக் கட்டணம் பொதுவாக இல்லை. பழைய கணினிக்கேற்ற இலேசான வகைகளும் அதில் உண்டு.

வெறுப்பின் மூன்று வேர்கள்

முதல் வேர் தோற்றம். பட்டிகள் இடம் மாறியிருக்கின்றன, பெயர்கள் மாறியிருக்கின்றன. இது சில கிழமைகளில் தீரும்.

இரண்டாம் வேர் ஆழமானது. அது தமிழைப் பற்றியது. நம்மவர் பலரிடம் பத்து, இருபது ஆண்டுகளாகச் சேர்த்த பாடக்குறிப்புகளும் பயிற்சித்தாள்களும் உள. அவற்றுட் பல பழைய எழுத்துருக்களில் அமைந்தவை. அவ்வெழுத்துருக்களிற் பலவற்றின் சூழ்ச்சி இது: ஆங்கில எழுத்து முதலியவற்றுக்குரிய எண்ணின் மேல் தமிழெழுத்தின் வடிவத்தைப் போர்த்திவிடுவது. கோப்பினுள் இருப்பது அந்த எண். தமிழ் அதன் மேற்போர்வை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலக, பொருளற்ற எழுத்துக்குவியல் தோன்றுகின்றது. ‘லினக்ஸ் என் தமிழைக் கெடுத்தது’ என்று அப்போது எண்ணத் தோன்றும்.

ஆயின், அதே கோப்பை அந்த எழுத்துரு இல்லாத புதிய விண்டோஸ் கணினியில் திறந்தாலும் விளைவு அதுவே. 1991 முதல் யூனிகோடு தமிழெழுத்துக்குத் தனியிடம் தந்துள்ளது. அதன்படி அகரத்திற்கு 2949 என்னும் எண் உரியது. எந்த இயங்குதளத்திலும் அவ்வெண் அகரத்தையே குறிக்கும். தமிழக அரசும் 2010-இல் யூனிகோட்டை ஏற்றது. ஆகவே, பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் உழைப்பு இயங்குதளத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் நமக்குக் காத்திருப்பது. பழைய கடனைப் புதிய கடைக்காரரின் கணக்கில் எழுதலாகாது.

மூன்றாம் வேர் தனிமை. விண்டோஸில் ஐயம் எழுந்தால் அடுத்த மேசையில் விடை கிடைக்கும். லினக்ஸில் ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது? தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ உள்ள கடைக்காரரும் விண்டோஸையே பழகியிருப்பாராயின், மழைநாளில் தோட்டப் பாதையிலேறி யார் வருவார்? மூன்று வேர்களுள் இதுவே வலியது. இதைச் சோம்பல் என்று இகழ்வது தவறு. தனித்து விடப்படுவோம் என்னும் நியாயமான அச்சம் இது.

கேரளமும் தமிழகமும் மூனிச்சும்

இவ்வச்சத்தை எதிர்கொண்ட இடங்கள் மூன்றை நோக்குவோம். கேரளத்தில் 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம் தொடங்கியது. முதலில் விண்டோஸைச் சார்ந்திருந்த அது, படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2008-இல் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வு முழுவதும் லினக்ஸிலேயே நடைபெற்றது. பாடநூலும் பயிற்சியும் தேர்வும் ஒரே திசையில் நின்றன. இன்னொன்றும் கருதத்தக்கது: பயிற்சி அளித்தோர் பள்ளியாசிரியர்களுள்ளிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டனர். வகுப்பறையின் இடுக்கண் அறிந்தவரே வழிகாட்டியாதலால் தனிமையச்சம் தணிந்தது.

தமிழகத்தில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராய் இருந்த காலத்தில், 2007-ஆம் ஆண்டளவில் சூசே லினக்ஸுக்குத் தன் அலுவலகக் கணினிகளை மாற்றியது. அதே 2007-இல் சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. பின்னர் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒரே கணினியில் அருகருகே வைக்கப்பட்டன. இரண்டு வாயில்கள் திறந்திருக்குமிடத்துக் கால் பழகிய வாயிலையே நாடும். வகுப்பும் தேர்வும் மற்றதன்பால் அழைத்தாலன்றி, அது திறந்தும் திறவாததே.

செருமனியின் மூனிச் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாறத் துணிந்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. ஆயினும் 2017-இல் அந்நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. வெளியலுவலகங்களோடு ஆவணம் பரிமாறுவதில் உண்டான இடர்ப்பாடுகள் அங்குக் கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. உள்ளே எல்லாம் மாறியும், சுற்றிலுமுள்ள உலகம் மாறாதவிடத்து மாற்றம் நிலைப்பது கடினம்.

எழுத்துச் சீர்திருத்தம் தரும் பாடம்

தமிழாசிரியர்க்கு இது புதிய பாடமன்று. பெரியார் 1935 முதல் தம் இதழில் வழங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா முதலாகப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய ஐகாரக் குறியோடு வளர்ந்த கண்களுக்குப் புதிய ‘லை’யும் ‘னை’யும் அந்நியமாயிருந்தன. எனினும் மாற்றம் நிலைத்தது. பாடநூல் மாறியது, அச்சு மாறியது, பிள்ளைகள் தொடக்கத்திலேயே புதிய வடிவைக் கற்றனர். விருப்பம் முன்னே வரவில்லை. பயன்பாடு முன்னே வந்தது, விருப்பம் பின்னே தொடர்ந்தது.

நம் பள்ளிக்கு வேண்டுவன

இனி, நம் பள்ளியொன்று மாற நினைப்பின் வேண்டுவன எவை? முதலாவது, உரிமை. அரசு வழங்கிய கணினியில் நாமாக இயங்குதளத்தை மாற்றுவது முறையன்று. மேலிடத்தின் இசைவு வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்த பழைய கணினி ஒன்றிருப்பின் அதில் தொடங்கலாம்.

இரண்டாவது, சோதனை. லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியுள் உள்ள எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்க இயலும். அச்சுப்பொறி அசைகின்றதா, ஒளிப்படக்காட்டி ஒளிர்கின்றதா, இணையம் கிடைக்கின்றதா என்று ஒரு பிற்பகலில் அறிந்துகொள்ளலாம். 2020-இல் கல்வியமைச்சு தொடங்கிய ‘டெலிமா’ போன்ற தளங்கள் உலாவியில் இயங்குவன. அவற்றுக்கு இயங்குதளம் பெருந்தடையன்று.

மூன்றாவது, தமிழ் உள்ளீடு. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலோடு வளர்ந்தவர்கள் நாம். லினக்ஸில் ‘எம்17என்’ என்னும் தொகுப்பில் தமிழ்99, தட்டச்சு, ஒலிப்பு முறை ஆகிய மூன்று அமைப்புகளும் உள. தமிழ்99 பயின்றவர்க்குச் சிக்கல் இல்லை. ஒலிப்பு முறையினர் சில விசைகள் வேறுபடுவதைக் காண்பர். அவற்றை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தல் நலம்.

நான்காவது, எழுத்துரு. விண்டோஸ் 2000-உடன் வந்த ‘லதா’வில் அமைத்த வினாத்தாள், அவ்வெழுத்துரு இல்லாத லினக்ஸில் வேறோர் எழுத்துருவில் தோன்றும். எழுத்தின் அகலம் வேறாதலால் வரி நகரும்; பத்தாம் வினா அடுத்த பக்கத்திற்கு ஓடும். இருவகைக் கணினியிலும் ‘நோட்டோ’ போன்ற கட்டற்ற எழுத்துரு ஒன்றையே நிறுவிப் பயன்படுத்துவதும், அச்சுக்குரியதைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவதும் இதற்கு மருந்து.

ஐந்தாவதும் தலையாயதும் துணை. பள்ளிக்கு ஒருவர் போதாது. அவர் மாற்றலாகிப் போனால் எல்லாம் போம். அண்டைத் தோட்டப் பள்ளிகள் இரண்டு மூன்று கூடி, பள்ளிக்கிருவராகப் பயின்று, ஒருவர்க்கொருவர் கைகொடுக்க வேண்டும்.

மாறாதிருப்பதும் ஒரு வழியே

மறுபக்கத்தையும் கூறுதல் நடுவுநிலை. கல்வி நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி விண்டோஸ் 10-க்கு மேலும் மூன்றாண்டுகள் வரை திருத்தங்கள் பெறலாம். அமெரிக்கக் கணக்கில் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 1 டாலர், இரண்டாமாண்டு 2, மூன்றாமாண்டு 4 என மைக்ரோசாப்ட் அறிவித்தது. தொகை சிறிது. துணைக்கு ஆளில்லாத பள்ளி இவ்வழியைக் கொள்வதில் இழுக்கில்லை. ஆயின், அது தவணையே, தீர்வன்று. வாங்கிய காலத்தில் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றி, ஒரு கணினியிலேனும் லினக்ஸைப் பழகிவைத்தால், தவணை முடியும் நாளில் பள்ளி தன் வழியைத் தானே தெரிந்துகொள்ளும். எதுவும் செய்யாமல், திருத்தமற்ற கணினியில் பென்டிரைவுகளை மாறி மாறிச் செருகிக்கொண்டிருப்பது மட்டும் ஆகாது. ஒன்றில் புகுந்த நச்சுநிரல் பள்ளி முழுவதும் பரவும்.

வேண்டாத கருவியை விரும்பும்படி எவரையும் வற்புறுத்த முடியாது. விரும்பாமலே பயன்படுத்தத்தக்க அளவிற்கு அதன் பாதையைச் செப்பனிடலாம். கோப்புகள் படிக்கத்தக்கனவாய், விசைகள் விரலுக்குப் பழகியனவாய், கேட்டால் விடைசொல்ல ஒருவர் அருகிலிருப்பாராயின், எஞ்சுவது தோற்றத்தின் மேலுள்ள வெறுப்பு ஒன்றே. அதைக் காலம் பார்த்துக்கொள்ளும். வரும் பள்ளி விடுமுறையில் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் பழைய கோப்புகளுள் பத்தையேனும் யூனிகோட்டுக்கு மாற்றி வைப்பாராக. எந்த இயங்குதளம் வென்றாலும் அந்த உழைப்பு வீண்போகாது.