இராமானுசன் பட்டியலில் விடுபட்ட எண்



நம் பள்ளிச் சபைகூடலில் 60 மாணவர்கள் நிற்பதாகக் கொள்வோம். அவர்களை இருவர் இருவராக நிறுத்தலாம். மூவர், நால்வர், ஐவர், அறுவராகவும் நிறுத்தலாம். எவரும் மிஞ்சார். ஒருவர் வாராது 59 பேரானால், அவ்வாறு சமமாகப் பிரிக்க வழியே இல்லை. 59க்கு 1, 59 என இரண்டே காரணிகள். 60க்கோ 12 காரணிகள். 60இனும் சிறிய எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை.

இங்ஙனம், தன்னினும் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான காரணிகளைப் பெற்ற எண்ணை உயர் பகு எண் என்பர். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று இவ்வரிசை நீளும்.

ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன், இவ்வெண்களை ஆராய்ந்து 1915இல் இலண்டனில் கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டு கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது இவ்வாராய்ச்சிக்காகவே. மின்கணினி தோன்றாத அக்காலத்தில், நூற்றுக்கு மேற்பட்ட உயர் பகு எண்களை அவர் பட்டியலிட்டார். அவற்றுள் இறுதியானது 6,746,328,388,800.

அப்பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டது. அது 293,318,625,600, அதாவது, 293 பில்லியன் 318 மில்லியன் 625 ஆயிரத்து 600. நம் முன்னோர் வழக்கில், 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாய் எழுதாமலே எண்ணிவிடலாம். முதலில் 12ஐப் பார்ப்போம். 12 = 2 × 2 × 3. ஒரு காரணியை அமைக்க, 2ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஆக 3 வழிகள். 3ஐ எடுக்கலாம், விடலாம். ஆக 2 வழிகள். 3 × 2 = 6. எனவே, 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள்.

விடுபட்ட எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. ஆகவே, காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040.

வியப்பு இன்னும் உண்டு. அந்த 5,040உம் ஓர் உயர் பகு எண்ணே! அதன் காரணிகள் 60. நம் சபைகூடலில் நின்ற அதே 60! அதன் காரணிகள் 12. 12இன் காரணிகள் 6. 6இன் காரணிகள் 4. இவை யாவும் உயர் பகு எண்களே.

ஓர் எண் விடுபட்டதனால் இராமானுசனின் பெருமை குன்றவில்லை. பின்வந்தோர் அவர் பட்டியலைப் பொறுமையுடன் சரிபார்த்ததனாலேயே அது வெளிப்பட்டது. ஆதலின், உங்கள் கணக்கில் பிழை நேர்ந்தால் மனம் தளராதீர்கள். யார் எழுதிய விடையாயினும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கத் தயங்காதீர்கள்.

இப்பொழுது தாளை எடுங்கள். 120இன் காரணிகள் பதினாறு என்கிறேன். சரிதானா என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்!