பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரும் விமானப் பாதுகாப்பும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்கோஷ் என்று ஓர் ஊர். ஜூலைக் கடைசியில் அங்கே நடக்கும் விமானத் திருவிழாவுக்கு, சுற்றுவட்டார நிலையங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 10,000 விமானங்கள் வந்து இறங்கும். பெரும்பாலானவை சிறு விமானங்கள். தரையிலுள்ள ரயில் தண்டவாளத்தை வழியாக வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரும். வழியில் ஃபிஸ்க் என்ற சிற்றூரில் கட்டுப்பாட்டு அலுவலர்கள் தொலைநோக்கியோடு நிற்பார்கள். விமானத்தின் நிறத்தைச் சொல்லி, "இறக்கையை ஆட்டு" என்பார்கள். விமானி பதில் பேசக் கூடாது. இறக்கையை ஆட்ட வேண்டும். ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் வரைந்திருக்கும். எந்தப் புள்ளியில் இறங்குவது என்பதையும் அவர்களே சொல்வார்கள். நெரிசல் நேரத்தில் அத்தனை உயிரும் அந்தக் குரலை நம்பித்தான் இருக்கும்.

2013 மார்ச்சில் அமெரிக்க அரசின் செலவுக் குறைப்பு வந்தது. அந்த அலுவலர்களின் பயணம், தங்கல், மிகைநேர ஊதியம் எல்லாவற்றையும் விழா நடத்தும் சங்கமே தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் கைவிரித்தது. தொகை ஏறக்குறைய 4.5 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். சங்கம் ஆட்சேபம் தெரிவித்துக் கட்டியது, நீதிமன்றத்துக்கும் போனது. பெரிய சங்கம், சமாளித்துக்கொண்டது. சிறிய விழாக்களுக்கு அந்த வசதி ஏது? அதே செலவுக் குறைப்பால் ராணுவச் சாகசக் குழுக்களும் வராமல் அந்த ஆண்டு பல ஊர்களில் காட்சிகளே ரத்தாயின.

காளையார்கோவிலில் இருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறும் பிள்ளைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களுக்கு வழிகாட்டுவது இந்திய விமான நிலைய ஆணையத்தின் அலுவலர்கள், மேற்பார்வை டி.ஜி.சி.ஏ. எனும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். அந்த இயக்குநரகத்தில் அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் கிட்டத்தட்ட பாதி காலி என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. கண்ணுக்குத் தெரியாத வேலையில்தான் முதலில் ஆள் குறைகிறது.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம். வானத்தில் எதுவும் பிசகவில்லை. கீழே வெயிலில், தண்ணீருக்கும் நிழலுக்கும் திரும்பிப் போகும் வழிக்கும் ஜனம் தவித்தது. 5 பேர் வீடு திரும்பவில்லை. விமானிக்கு எவ்வளவு ஏற்பாடு தேவையோ, அண்ணாந்து பார்ப்பவருக்கும் அவ்வளவு தேவை.

நம் ஊர்க் கல்யாணத்திலும் திருவிழாவிலும் தலைக்கு மேல் டிரோன் பறக்கிறது. அதுவும் சட்டப்படி விமானம்தான். டிரோன் விதிகள் 2021-இன்படி அதற்குப் பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைக் கூலிக்கு இயக்குபவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் இருக்க வேண்டும். ஆளுக்கோ பொருளுக்கோ சேதம் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ளதைப் போலவே இழப்பீடு கோரலாம். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. முன்பணம் கொடுக்கும்போதே காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அரசிடம் கேட்க 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டுப் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை? நம் மாவட்டத்தில் விமானக் காட்சி நடந்தால் மருத்துவக் குழு, குடிநீர், வெளியேறும் வழிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? மத்திய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரை அந்த அலுவலகக் கணக்கு அதிகாரி பெயரில் எடுத்து மனுவோடு வையுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். வரவில்லையா, அடுத்த 30 நாளுக்குள் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். சட்டத்தின் 6(1) பிரிவுப்படி மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.