தெருவில் பந்தாடிய சிறுமி, ராணியின் கையால் பரிசு வாங்கினாள்!

லண்டன் நகரம். 1957-ம் ஆண்டு ஜூலை மாதம் 6-ந் தேதி. கடும் வெயில்.

விம்பிள்டன் மைதானத்தில் பெண்களுக்கான டென்னிஸ் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 6 அடி உயரமுள்ள ஒரு கறுப்பினப் பெண் பந்தை ஓங்கி ஓங்கி அடித்தார். எதிர்த்து ஆடிய டார்லீன் ஹார்ட் அங்கும் இங்கும் ஓடிக் களைத்தார். 6-3, 6-2 என்ற கணக்கில் ஆட்டம் முடிந்தது.

இங்கிலாந்து ராணி எலிசபெத் தம் கையால் வெள்ளித் தட்டை எடுத்து, வெற்றி பெற்ற பெண்ணிடம் கொடுத்தார். கை குலுக்கினார். கூட்டம் கை தட்டியது.

விம்பிள்டன் பந்தயம் 1877-ம் ஆண்டில் தொடங்கியது. 80 ஆண்டுகளாக அங்கே கறுப்பர் ஒருவரும் ஒற்றையர் பட்டம் வாங்கியதில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் பெயர் ஆல்தியா கிப்சன். அப்போது அவருக்கு வயது 29.

அமெரிக்காவில் அவர் படித்த ஊரில், பஸ்சின் முன் வரிசையில் உட்காரக்கூட அவருக்கு உரிமை இருந்ததில்லை!

பருத்திக் காட்டில் பிறந்தவள்

அமெரிக்காவின் தென் பகுதியில் தெற்குக் கரோலினா என்று ஒரு மாநிலம். அங்கே சில்வர் என்ற சிற்றூரில் 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி ஆல்தியா பிறந்தாள். அவளுடைய தகப்பனார் பிறருடைய நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவர். விளைச்சல் பொய்த்தது. வயிறு காய்ந்தது. பிழைப்பைத் தேடிக் குடும்பம் நியூயார்க் நகரத்துக்கு வந்தது.

ஹார்லெம் என்பது அந்த நகரில் கறுப்பர்கள் நெருக்கமாக வாழும் பகுதி. ஆல்தியா அங்கேதான் வளர்ந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. அடிக்கடி மட்டம் போடுவாள். அப்பா அடிப்பார். மறுநாளும் மட்டம் போடுவாள்!

அவள் குடியிருந்த 143-வது தெருவைப் பகல் நேரத்தில் வண்டிகள் வராமல் அடைத்து விடுவார்கள். குழந்தைகள் விளையாடுவதற்காக அந்த ஏற்பாடு. மரப்பலகை மட்டையால் பந்தை அடிக்கும் ஒருவகை டென்னிஸ் ஆட்டம் அங்கே நடக்கும். ஆல்தியாவுக்கு அது கைவந்த கலை ஆயிற்று. 12 வயதில், அந்த ஆட்டத்தில் நியூயார்க் நகரத்துக்கே முதல்வியாக வந்தாள்.

பட்டி வாக்கர் என்ற இசைக்கலைஞர் அவள் ஆடுவதைப் பார்த்தார். "இந்தப் பெண்ணுக்குக் கையில் ஏதோ இருக்கிறது" என்று அவருக்குத் தோன்றியது. உண்மையான டென்னிஸ் மட்டை வாங்கிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் பணம் வசூலித்து, கறுப்பர்களின் டென்னிஸ் கிளப் ஒன்றில் அவளைச் சேர்த்தார்கள். அங்கே ஆட்டம் கற்றுக் கொடுத்த பிரெட் ஜான்சனுக்கு ஒரு கைதான் உண்டு!

இரண்டு டாக்டர்கள்

அந்த நாளில் அமெரிக்காவில் கறுப்பர்களுக்கென்று தனி டென்னிஸ் சங்கம் இருந்தது. வெள்ளையர் கிளப்களில் அவர்களுக்கு இடம் இல்லாததால் 1916-ம் ஆண்டில் தாங்களே அமைத்துக்கொண்ட சங்கம் அது.

1946-ம் ஆண்டில் அந்தச் சங்கத்துப் பந்தயத்தில் ஆல்தியா ஆடியதை இரண்டு கறுப்பின டாக்டர்கள் கவனித்தார்கள். ஒருவர் ஹூபர்ட் ஈட்டன். மற்றவர் ராபர்ட் வால்டர் ஜான்சன். இருவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் வில்மிங்டன் ஊரில் ஈட்டன் வீட்டில் ஆல்தியா தங்கிப் படிக்க வேண்டும். கோடை விடுமுறையில் ஜான்சனோடு ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஆட வேண்டும்.

பெற்ற பிள்ளையைப் போல இருவரும் கவனித்துக்கொண்டார்கள். மட்டம் போட்ட பெண் பள்ளிப் படிப்பை முடித்தாள். பிறகு புளோரிடாவில் கல்லூரியில் சேர்ந்து 1953-ம் ஆண்டில் பட்டமும் வாங்கினாள்.

ஆட்டத்திலும் அவளை வெல்ல ஆள் இல்லை. 1947 முதல் 1956 வரை 10 ஆண்டுகள் தொடர்ந்து கறுப்பர் சங்கத்தின் பெண்கள் பட்டம் அவளுக்கே கிடைத்தது. ஆனால் நாட்டின் பெரிய பந்தயத்தில் ஆட மட்டும் வழி இல்லை.

அடைத்த கதவு

இதில் ஒரு தந்திரம் இருந்தது. கறுப்பர்கள் ஆடக்கூடாது என்று சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. "யாரும் வரலாம். ஆனால் சிறிய பந்தயங்களில் ஆடித் தகுதி பெற்று வரவேண்டும்" என்பது ஏற்பாடு. அந்தச் சிறிய பந்தயங்கள் எங்கே நடந்தன? பெரும்பாலும் வெள்ளையர்களின் கிளப்களில்! அங்கே கறுப்பர்களுக்கு அழைப்பு வராது. அழைப்பு இல்லாவிட்டால் தகுதி இல்லை. தகுதி இல்லாவிட்டால் பெரிய பந்தயம் இல்லை. எழுதாத சட்டம், எழுதிய சட்டத்தைவிடக் கடுமையாக இருந்தது.

ஒரு கை தட்டினால் ஓசை எழாது. கதவுக்கு வெளியே நின்றவள் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து ஒருவர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் குரல் 1950-ம் ஆண்டு ஜூலையில் எழுந்தது. ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளைக்கார அம்மையார் 4 முறை அமெரிக்காவின் ஒற்றையர் பட்டமும், 1939-ல் விம்பிள்டன் பட்டமும் பெற்றவர். அவர் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் காரசாரமாக ஒரு கட்டுரை எழுதினார். ஆல்தியா களத்தில் தோற்றால் அது வேறு விஷயம், களத்துக்கே வரவிடாமல் தடுப்பது வெட்கக்கேடு என்பது அவர் கருத்து.

கட்டுரை வேலை செய்தது. அடுத்த மாதமே நியூயார்க்கில் பாரஸ்ட் ஹில்ஸ் மைதானத்தில் நடந்த தேசியப் பந்தயத்துக்கு ஆல்தியாவுக்கு அழைப்பு வந்தது!

இடி விழுந்தது

முதல் சுற்றில் ஆல்தியா வென்றார். இரண்டாவது சுற்றில் எதிரே நின்றவர் லூயிஸ் பிரவ். மூன்று ஆண்டுகளாக விம்பிள்டன் பட்டத்தை விடாமல் வைத்திருந்தவர்.

முதல் பகுதி 1-6. ஆல்தியா தோற்றார். இரண்டாவது பகுதி 6-3. ஆல்தியா வென்றார். மூன்றாவது பகுதியில் 7-6 என்று முந்தினார். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் வென்றால் போதும்!

அப்போது வானம் இருண்டது. இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. மைதானத்தின் உச்சியில் இருந்த கல் கழுகுச் சிலை ஒன்று இடி தாக்கி உடைந்து விழுந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் ஆட்டம் தொடர்ந்தது. சில நிமிஷங்களில் பிரவ் மூன்று ஆட்டங்களை வரிசையாக வென்றார். 9-7. ஆல்தியா தோற்றுப் போனார். ஆனால் திறந்த கதவை மறுபடி யாராலும் மூட முடியவில்லை.

வெற்றிமேல் வெற்றி

பிறகு பல ஆண்டுகள் பெரிய வெற்றி கிட்டவில்லை. 1955-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் நல்லெண்ணப் பயணமாக நான்கு ஆட்டக்காரர்களை ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. அவர்களில் ஆல்தியாவும் ஒருவர். இந்தியாவிலும் வந்து ஆடினார். அந்தப் பயணத்தில் அவர் ஆட்டம் மெருகேறியது.

1956-ல் பிரெஞ்சுப் பட்டம் கிடைத்தது. பெரிய நாட்டுப் பந்தயம் ஒன்றில் ஒற்றையர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர் அவரே. 1957-ல் விம்பிள்டனும் அமெரிக்கப் பட்டமும் கிடைத்தன. 1958-ல் அவ்விரண்டும் மறுபடி கிடைத்தன. இரட்டையர் ஆட்டங்களையும் சேர்த்து மொத்தம் 11 பெரிய பட்டங்கள்! நியூயார்க் மாநகரம் அவரைத் திறந்த காரில் ஊர்வலமாக அழைத்துச் சென்றது.

தட்டு உண்டு, சோறு இல்லை

ஆனால் அந்தக் காலத்தில் பெரிய டென்னிஸ் பந்தயங்களில் பரிசுப்பணம் கிடையாது. வெள்ளித் தட்டில் சோறு வருமா? 1958-ம் ஆண்டோடு அந்தப் பந்தயங்களை விட்டார். கூடைப்பந்துக் குழுவினருடன் ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டம் ஆடினார். இசைத்தட்டில் பாடினார். சினிமாவில் நடித்தார்.

1964-ல் கோல்ப் ஆட்டத்துக்குப் போனார். பெண்களின் தொழில்முறைக் கோல்ப் பந்தயங்களில் ஆடிய முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. அங்கும் பழைய கதைதான். சில ஓட்டல்களில் அறை தர மறுத்தார்கள். சில கிளப்களில் உடை மாற்றும் அறைக்குள் விடவில்லை. ராணியோடு கை குலுக்கியவர் காருக்குள் உட்கார்ந்து காலணி மாற்றிக்கொண்டார்!

அதற்காக அவர் ஒதுங்கவில்லை. 1972-ம் ஆண்டு முதல் ஒரு புதுவேலையில் இறங்கினார். பெரிய நகரங்களில் ஏழைகள் வாழும் பகுதிகளுக்கு டென்னிஸ் வலையையும் மட்டைகளையும் கொண்டுபோய், குழந்தைகளுக்கு ஆட்டத்தை அறிமுகப்படுத்தும் திட்டம் அது. 143-வது தெருவில் தனக்குக் கிடைத்ததை மற்றத் தெருக்களுக்குக் கொண்டுபோனார்.

தோழியின் கை

முதுமையில் நோய் வந்தது. பக்கவாதம் தாக்கியது. மருந்துக்கும் வீட்டு வாடகைக்கும் பணம் இல்லை. 1995-ம் ஆண்டில் அவர் தம் பழைய தோழி ஏஞ்சலா பக்ஸ்டனுக்குப் போன் செய்தார். வாழ்க்கை வெறுத்துவிட்டது என்று சொன்னார்.

ஏஞ்சலா இங்கிலாந்தைச் சேர்ந்த யூதப் பெண். யூதர் என்பதற்காகக் கிளப்பில் சேர்க்க மறுக்கப்பட்டவர். ஒதுக்கப்பட்ட இருவரும் ஜோடி சேர்ந்து ஆடி, 1956-ல் பிரெஞ்சு இரட்டையர் பட்டத்தையும் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தையும் வென்றிருந்தார்கள். ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நட்பு வாடவில்லை. ஏஞ்சலாவின் முயற்சியால் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் செய்தி வெளியாயிற்று. பல நாடுகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது. ஆல்தியாவின் கடைசி நாட்கள் கவலையில்லாமல் கழிந்தன. 2003-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, 76-வது வயதில் அவர் காலமானார்.

அவர் நுழைந்த கதவு வழியே பலர் வந்தார்கள். அவரை வளர்த்த அதே டாக்டர் ஜான்சனிடம் ஆட்டம் பயின்ற ஆர்தர் ஆஷ், 1975-ல் விம்பிள்டன் பட்டம் வென்றார். 2000-ம் ஆண்டில் வீனஸ் வில்லியம்ஸ் அதே பட்டத்தைப் பெற்றார். ஆல்தியாவுக்குப் பின் மற்றொரு கறுப்பினப் பெண் அங்கே வெல்ல 42 ஆண்டுகள் ஆயின!

அமெரிக்கத் தேசியப் பந்தயம் நடக்கும் நியூயார்க் மைதானத்தில் 2019-ம் ஆண்டு ஆல்தியாவுக்குச் சிலை வைத்தார்கள். 2025-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அவர் உருவம் பொறித்த கால் டாலர் நாணயத்தை வெளியிட்டது.

வாடகைக்குப் பணம் இல்லாமல் தவித்தவரின் உருவம் இன்று நாணயத்தில் இருக்கிறது. அந்தப் பெருமை வர நெடுநாள் ஆயிற்று. ஆனால் அவரைக் காப்பாற்றியவை வேளையோடு நீண்ட கைகள். மட்டை வாங்கித் தந்த கை, வீட்டில் இடம் தந்த கை, கட்டுரை எழுதிய கை, போன் வந்ததும் ஓடி வந்து உதவிய கை!